கே98கே மவுசர்: எண்கள் ஒத்துப்போனால் மட்டும் போதாது

கே98கே, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை பயன்படுத்திய துப்பாக்கி. சேகரிப்புக்காக ஒன்றை வாங்கும்போது, பாகங்களின் எண்கள் ஒத்துப்போகின்றனவா, அவை அசலா என்று பார்க்க வேண்டும். முதலில் போல்ட்டை (கைப்பிடியோடு பின்னால் இழுக்கும் அடைப்புத் தண்டு) திறந்து, சேம்பரும் (தோட்டா அமரும் குழல் பகுதி) மேகஸினும் (தோட்டா அடுக்கும் பெட்டி) காலி என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோக உடல்) இடப்பக்கம் முழு சீரியல் எண் இருக்கும்: அதிகபட்சம் நான்கு இலக்கம், பெரும்பாலும் கீழே ஒரு சிறிய எழுத்து. போல்ட் கைப்பிடியின் அடியிலும் அதே இலக்கங்கள். எக்ஸ்ட்ராக்டர் (வெடித்த தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி), சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு), சைட் லீஃப் (குறிபார்க்கும் தகடு) போன்ற சிறு பாகங்களில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும். போரின் கடைசிக் கட்டத் தயாரிப்பில் சிறு பாகங்களுக்கு எண் அடிப்பதைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். ஆகவே 1945 துப்பாக்கியில் எல்லாவற்றிலும் எண் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்!

சோவியத் படை கைப்பற்றியவை தனி ரகம். கழற்றி, கலந்து, மறுபடி பூட்டியவை. பழைய எண்ணைக் கோடிட்டு அடித்து, மின்பேனாவால் (உலோகத்தில் எழுதும் மின்கருவி) ரிசீவரோடு ஒத்துப்போகும் புது எண் கீறியிருப்பார்கள். கோடு ஆழமில்லாமல் நடுங்கியிருக்கும். பளிச்சென்ற வெள்ளை உலோகமாக இருக்கவேண்டிய போல்ட்டும் கறுப்பாகியிருக்கும். மரத்தில் ஷெல்லாக் (அரக்கு மெருகு) பளபளப்பு. ரிசீவரில் பெரும்பாலும் எக்ஸ் குறி. இது மோசடி இல்லை, பழுதுபார்ப்புதான். ஆனால் ‘ஒரிஜினல் மேட்சிங்’, அதாவது எல்லா எண்ணும் தொழிற்சாலையிலேயே ஒத்துப்போனது, என்று விற்றால் மோசடி.

நிஜ ஏமாற்று, எண்ணை அரம்போட்டு அழித்து மறுபடி அடிப்பது. லென்ஸை வைத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள்: அந்த இடம் லேசாகக் குழிந்திருக்கும், இலக்கத்தின் வடிவமும் ரிசீவரில் உள்ளதோடு ஒத்துவராது. மரத்தைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் முத்திரைகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். அப்படிப் போன சேகரிப்பு மதிப்பு திரும்ப வராது.