அப்பச்சியின் நோட்டும் நூறாவது ராக்கெட்டும்

16 ஜனவரி 2025, வியாழன், பள்ளத்தூர்

காணும் பொங்கல். பையன் விடிந்ததும் விடியாததுமாகக் கூட்டாளிகளோடு சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கிளம்பிவிட்டான். வீட்டில் நானும் ஆத்தாவும்தான்.

டிவியில் இரண்டு சேதி. டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இரண்டு சின்னச் செயற்கைக்கோள்களை விண்வெளியிலேயே ஒன்றோடொன்று கோத்துவிட்டார்கள். அப்புறம், அதே ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளம் கட்ட 3,984 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஆத்தா சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு, "உங்க அப்பச்சி இருந்திருந்தா இந்நேரம் நோட்டை எடுத்து எழுதியிருப்பாக" என்றார்.

அப்பச்சி, அதாவது என் அப்பா, போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. அந்த நோட்டை இதுவரை நான் தேடவே இல்லை. இன்று தேடினேன். இரண்டாம் கட்டு அறையில், மர அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. கறுப்பு ரெக்சின் அட்டை. ஓரமெல்லாம் உப்புக்காற்றில் வெளிறிப் போயிருக்கிறது.

19 ஜனவரி, ஞாயிறு

இரண்டு நாளாக நோட்டோடுதான் இருக்கிறேன். இது டைரி இல்லை, கணக்குப் புத்தகம் மாதிரி. தேதி, ராக்கெட் பெயர், ஒரு வரி. சில பக்கங்களில் மட்டும் நாலைந்து வரி.

அப்பச்சி 1975-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் வேலைக்குச் சேர்ந்தார். காரைக்குடியில் டிப்ளமோ படித்தவர். எங்கள் வீட்டில் அதுவரை ஆம்பளைகள் எல்லோரும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனவர்கள். பர்மா, மலேயா என்று. ஆந்திராவில் ஒரு தீவில் சர்க்கார் வேலை என்றதும் அப்பச்சியைப் பெற்ற ஐயா ஒரு மாதம் பேசவில்லையாம்.

முதல் பக்கம்: "சூலூர்ப்பேட்டையில் இறங்கி பஸ். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பழவேற்காடு ஏரி. தண்ணீரில் பூநாரைக் கூட்டம். தீவில் சவுக்கும் தைல மரமும். கடல் சத்தம்." அவ்வளவுதான்.

ஏன் அந்தத் தீவு என்று பையன் கேட்டான். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது. கிழக்குப் பார்த்து ராக்கெட் விட்டால், அந்தச் சுற்றும் வேகம், அங்கே நொடிக்குச் சுமார் 450 மீட்டர், இனாமாகக் கிடைக்கும். நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு லாபம். கழன்று விழும் பாகங்கள் ஊர்மேல் விழாமல் இருக்கக் கிழக்கே கடல் வேண்டும். எல்லாம் சேர்ந்து வாய்த்த இடம் அது. 1969-இல் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபர் 9 அன்று முதலில் அங்கிருந்து போனது ரோகிணி-125 ராக்கெட்; அதன் குறுக்களவு 125 மில்லிமீட்டர்தான். நம் வீட்டு உலக்கையைவிடக் கொஞ்சம் பருமன் என்று பையனிடம் சொன்னேன்.

அதற்கும் முன்னால் கேரளக் கடற்கரையில் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்கா கொடுத்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்துதான் கிளம்பியது. பூமியின் காந்த நடுக்கோடு பக்கத்தில் போவதால் அந்தக் கடற்கரை வேண்டியிருந்தது. மீனவர்கள் ஊரைக் காலி செய்து கொடுத்தார்கள். ஆயர், மரிய மகதலேனா தேவாலயத்தையும் தாம் இருந்த வீட்டையும் கொடுத்தார். தேவாலயம்தான் முதல் அலுவலகம். அப்பச்சி ஒருமுறை வேலையாகப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: "சாமி இருந்த இடத்தில் மேசை போட்டு வேலை பார்த்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் மனசு பெரிசு."

26 ஜனவரி, ஞாயிறு

எங்கள் வீட்டு நிலைக்கதவில் வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். எல்லாம் கறுத்துக் கிடக்கும். வலது பக்கம், தோள் உயரத்தில் இருப்பது மட்டும் பொன் மாதிரி பளபளக்கும். அப்பச்சியின் கை பட்டுப் பட்டு அப்படி ஆனது. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் உள்ளங்கையை அதன்மேல் ஒரு கணம் வைத்துவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார். வாசலில் இருக்கிற லெட்சுமியைக் கும்பிடுகிறார் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

இன்று ஆத்தா சொல்லித்தான் தெரிந்தது. அப்பச்சி வேலை பார்த்தது திட எரிபொருள் ஆலையில். அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், ரப்பர் மாதிரியான பசை, இவற்றைச் சேர்த்துப் பிசைந்து ராக்கெட் கூட்டுக்குள் வார்க்கிற இடம். பருத்தித் துணிதான் உடுத்தலாம். உடம்பில் தேங்கும் மின்சாரம் ஒரு பொறி தட்டினால் போதும், எல்லாம் போய்விடும். அதனால் கதவருகே ஒரு உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருப்பதைத் தரையிறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இருபத்தெட்டு வருஷம் அப்படித் தொட்ட கை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் தொடாமல் நுழைய முடியவில்லை.

அந்தக் கலவையைப் பற்றி ஆத்தாவிடம் பணியார மாவை வைத்துத்தான் விளக்குவாராம். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் தீ அந்த இடத்தில் கூடுதலாகப் பரவி, அழுத்தம் ஏறிவிடும். அதனால் காற்றை உறிஞ்சிவிட்டு வார்ப்பார்கள். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் அடிப்பகுதியில் மட்டும் 138 டன். ஐந்து துண்டுகளாக வார்த்து அடுக்குவது.

2003-இல் சாந்திக் கல்யாணமும் (அறுபதாம் கல்யாணம்) ஓய்வும் ஒரே வருஷம். அதோடு நோட்டு நின்றிருக்கும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் தள்ளி, "23.2.2004" என்று எழுதி, கீழே ஆறு சின்னக் கோடுகள். அன்றைக்கு அங்கே எரிபொருள் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். ஒரு சொல்கூட எழுதவில்லை. அந்தப் பக்கத்தை நான் அப்படியே மூடிவிட்டேன்.

29 ஜனவரி, புதன், தை அமாவாசை

இரவு இரண்டரைக்குக் கிளம்பி தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தேவிபட்டினம். அப்பச்சிக்குத் தர்ப்பணம். இன்று காலை 6.23-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நூறாவது ராக்கெட் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே காலையில் வரும் என்று யார் நினைத்தது.

கடலுக்குள் நவகிரகக் கற்களைச் சுற்றி ஒரே கூட்டம். இடுப்பளவு தண்ணீரில் முங்கி எழுந்து, எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்துக் கரைக்கு வந்தபோது மணி ஆறே கால். ஈர வேட்டியோடு பையனின் செல்போனைச் சுற்றி நின்றோம். ஜிஎஸ்எல்வி-எஃப்15, என்விஎஸ்-02 செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. பக்கத்தில் நின்ற, யாரென்றே தெரியாத ஒரு பெரியவர் கைதட்டினார். ஆத்தா கைகூப்பி நின்றார். பையன் வடகிழக்கே வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேகம்தான் தெரிந்தது.

நூறு என்பது 1979 ஆகஸ்ட் 10-இலிருந்து எண்ணிய கணக்கு. அந்தச் சின்ன ரோகிணிகள் இதில் சேராது. எனக்கு அதில் வருத்தம்தான். அவை இல்லாமல் எது வந்தது?

பிறகு மணலில் உட்கார்ந்து பையனுக்கு விரலால் படம் போட்டேன். இதோ இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குத் தெற்கே பார்த்துப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரே தெற்கே விட்டால் இலங்கைக்கு மேலே போகும். ஆகவே ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், அப்புறம் வளைந்து திரும்புகிறது. வளைவதற்கு எரிபொருள் செலவு. தூக்குகிற சுமை குறையும். சின்ன ராக்கெட்டுக்கு அது தாங்காது. புது ஏவுதளம் வருகிற தூத்துக்குடிப் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்திலிருந்து விட்டால் தெற்கே வெறும் கடல்தான். "அப்ப குலசையைப் பார்க்கப் போவோமாப்பா?" என்றான். சரி என்றேன்.

3 பிப்ரவரி, திங்கள்

மனசு கனமாக இருக்கிறது. என்விஎஸ்-02-ஐ அதன் சுற்றுப்பாதைக்கு உயர்த்த முடியவில்லையாம். எஞ்சினுக்கு ஆக்சிஜனேற்றியை, அதாவது எரிபொருள் எரிய ஆக்சிஜன் தருவதை, விடுகிற வால்வு திறக்கவில்லை. ராக்கெட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 1979 ஆகஸ்ட் 10: "எஸ்எல்வி-3. 317 நொடி. கடலில். வால்வு என்கிறார்கள். மெஸ்ஸில் யாரும் சாப்பிடவில்லை." முதல் பெரிய ராக்கெட்டையும் ஒரு வால்வுதான் கவிழ்த்தது. அடுத்த பக்கம் 1980 ஜூலை 18: "ரோகிணி சுற்றுகிறது. வீட்டுக்குத் தந்தி கொடுத்தேன்." இந்த ரோகிணி ராக்கெட் இல்லை, செயற்கைக்கோள். இடையில் பதினோரு மாதம் ஒன்றுமே எழுதவில்லை. அந்தப் பதினோரு மாதமும் என்ன செய்தீர்கள் என்று கேட்க ஆள் இல்லையே.

16 பிப்ரவரி, ஞாயிறு, குலசேகரன்பட்டினம்

முத்தாரம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சுற்றி வந்தோம். பனைகளும் மணலும் வெயிலும். போன வருஷம் பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே இங்கிருந்தும் ஒரு சின்ன ரோகிணியை விட்டுப் பார்த்தார்கள். 2,200 ஏக்கருக்கும் மேலே எடுத்த நிலம். எஸ்எஸ்எல்வி என்கிற சின்ன ராக்கெட்டுக்கான தளம்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்க நின்றோம். கடையில் இருந்த அம்மா எந்த ஊர் என்று விசாரித்தார். செட்டிநாடு என்று சொல்லி, அப்பச்சி வேலை பார்த்த இடத்தையும் சொன்னேன். ராக்கெட்டைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன்.

"அண்ணாச்சி, அந்த ஊர்ல முன்னால இருந்தவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காவ?"

நோட்டில் அதற்கு ஒரு பக்கம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா யானாதிப் பழங்குடி மக்கள் காலங்காலமாக வாழ்ந்த தீவு. தளம் வந்தபோது பலர் இடம் மாறினார்கள். காவல் வேலை பார்த்த ஒரு யானாதிப் பெரியவர், ஷெட் நிற்கிற இடத்தைக் காட்டி, அங்கேதான் தன் தாத்தாவின் குடிசை இருந்தது என்று சொன்னதை அப்பச்சி எழுதி வைத்திருக்கிறார். அதன் கீழே: "நாமும் காவிரிப்பூம்பட்டினத்தில் கடலை விட்டுவிட்டு வந்தவர்கள் என்றுதானே வீட்டில் சொல்வார்கள். அவரிடம் சொன்னேன். 'உங்களுக்கு அந்த ஊர்ப் பெயராவது நினைவிருக்கிறதே' என்றார்."

அதை அந்த அம்மாவிடம் ஒரு வரி விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இரண்டு கிலோ கருப்பட்டியை நிறுத்து ஓலைக் கொட்டானில் போட்டார். எங்கள் ஊர்க் கொட்டான் மாதிரியே இருக்கிறது என்று பையன் சொன்னான். "எங்க பனைதான தம்பி" என்று சொல்லி, காசை வாங்காமல் இன்னொரு வட்டை எடுத்து மேலே வைத்தார்.