தம்பியின் டீ கிளாஸ்

2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய விடியலில், பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பில் நின்ற தென்னை நாலே நாலு. தம்பி அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. சாயங்காலக் குடி காலைக்கும் வந்தது அதற்குப் பிறகுதான்.

சாமி முன்னால் சத்தியம் வாங்கினோம், கயிறு கட்டினோம். கடைசியில் நானே அவனை அறையில் வைத்துப் பூட்டினேன். நான் செய்த பெரிய தப்பு அது. மூன்றாம் நாள் ராத்திரி, "அக்கா, பாயெல்லாம் எறும்புக்கா" என்று வெறும் பாயைத் தட்டிக்கொண்டே இருந்தான். வேர்த்துக் கொட்டியது. கார் பிடித்துத் தஞ்சாவூருக்கு ஓடினோம்.

வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு, சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டர் பார்வையில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்தணும். இது எனக்கு அங்கேதான் தெரிந்தது. தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். குடிக்கு அடியில் மனச்சோர்வும் இருக்கு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கணும் என்றார் டாக்டர். ஊரில் அதைத் 'திமிர்' என்றுதான் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

நடுவில் இரண்டு தடவை சறுக்கினான். இரண்டாவது தடவை நான் திட்டவில்லை. சோறு போட்டேன், மறுநாள் முதல் பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு: ராத்திரியில் பேச ஆளில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ், 14416. காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

முன்னெல்லாம் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பான், அப்படியும் லுங்கியில் சிந்தும். நேற்று வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, ஒரே கையில் பிடித்துக் குடித்தான்.