பூசணிக்காய் ஏலம்

நாற்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிறேன். வாரம் ஒன்று என்று வைத்தாலும் 2000 பிரசங்கத்துக்கு மேல் கேட்டிருப்பேன். நினைவில் நிற்பவை எத்தனை என்றால் மூன்று தேறும். மற்றபடி, 'முடிவாக ஒரு வார்த்தை' என்று ஐயர், அதாவது போதகர், சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்புறமும் கால்மணி நேரம் ஓடிய ஏமாற்றம்தான் மிச்சம்.

மூன்றில் ஒன்று எங்கள் உபதேசியார் செய்தது. எங்களூர் மெய்ஞ்ஞானபுரத்துக்குப் பக்கம். மொட்டைமாடியில் ஏறினால் ஜான் தாமஸ் ஐயர் கட்டிய கோயிலின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரியும். எங்களுடையது ஓட்டுக் கோயில். சேகரத்தில், அதாவது ஒரே ஐயரின் பொறுப்பில் உள்ள ஊர்களில், கடைசி ஊர் என்பதால் சேகர ஐயர் மாதம் ஒருமுறை நற்கருணைக்கு வருவார்; மற்ற வாரமெல்லாம் உபதேசியார்தான். மூன்று குறிப்பு வைத்து, மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கும்படி ஜோடிக்கத் தெரியாதவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திண்ணையில் பேசுவதுபோலப் பேசுவார்.

அன்றைக்கு லூக்கா 15, கெட்ட குமாரன்: சொத்தில் பங்கு வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனைத் தகப்பன் விருந்து வைத்துச் சேர்த்துக்கொண்டதாக இயேசு சொன்ன கதை. "தகப்பன் ஓடிவந்ததையும் மோதிரம் போட்டதையும் எல்லாரும் சொல்லியாச்சு. வெளியே கோவிச்சுக்கிட்டு நின்ன மூத்தவன் உள்ள போனானா இல்லியா, அதச் சொல்லுங்க" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. வேதாகமத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதிகாரம் முடிந்து, அடுத்ததில் உக்கிராணக்காரன் கதை வந்துவிடுகிறது. "சாமி சொல்லாமலே விட்டுட்டாரு. ஜெபிப்போம்." பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எங்கள் வீட்டில் கதை தலைகீழ். பம்பாய்க்குப் போனது அண்ணன். முருங்கைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே கிடந்தது இளையவன் நான். அவன் திரும்பி வந்ததும் அப்பா கிணற்றில் சரிபாதி எழுதிவைத்தார். அதிலிருந்து ஆறு வருஷம் பேச்சில்லை. கோயிலில் அவன் முன்னால் மின்விசிறிக்கு அடியில், நான் கடைசியில் வாசலோரம்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு என் மனைவி பூசணிக்காய் ஒன்று காணிக்கையாகப் படைத்தாள். ஆராதனை முடிந்து ஏலம். எங்களூர் ஏலத்தில் எலுமிச்சம்பழம்கூட 500 ரூபாய்க்குப் போகும். கோயிலுக்குத்தானே என்று ஏற்றிக் கேட்பார்கள். கால் கட்டின சேவல், முட்டை, வாழைத்தார் எல்லாம் போய், கோயில் பணியாளான கோயில்குட்டியார் பூசணியைத் தோளில் தூக்கினார். நம் வீட்டுப் பொருளை நாமே எடுப்போம் என்று 200 என்றேன். முன்னாலிருந்து 300 என்றது அண்ணன் குரல். 500 என்றேன். 800. முதலில் சிரித்த ஜனம் 1500-க்கு அப்புறம் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் 2600 என்றபோது என் சட்டைப்பையில் அவ்வளவு இல்லை. ஒருதரம், ரெண்டுதரம். போயிற்று.

அசனத்தில், அதாவது கோயில் விருந்தில், எனக்குச் சோறு இறங்கவில்லை. கறிக்குழம்பு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் அண்ணன் மகன் சைக்கிளில் வந்தான். கேரியரில் சாக்கு, அதற்குள் பாதிப் பூசணி. வெட்டின முகத்தில் தண்ணீர் துளிர்த்து, விதைகள் சாக்கில் ஒட்டியிருந்தன. "சித்தப்பா, அப்பா குடுக்கச் சொன்னாங்க." வேறு எதுவும் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். கிணற்றைப் போலவே சரிபாதியாக வெட்டியிருக்கிறானே என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி.

கூட்டு வைத்துச் சாப்பிட்டோம். பாத்திரத்தைக் கழுவும்போதே, "மதினிக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டு குடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி. மறுநாளே பறித்து, கட்டி, வாசல் திண்ணையில் வைத்தேன். நாலு நாளில் காய் வதங்கிவிட்டது. சரி என்று வேறு பறித்து வைத்தேன்.