நிகாஹ்வுக்காகச் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது

உறவினர் வழியாகவும் பள்ளிவாசல் வழியாகவும் வந்த வரன்கள் என் தங்கைக்குப் பொருந்தாமல் போனபின், முஸ்லிம்களுக்கான துணை தேடும் செயலி ஒன்றில் பதிவு செய்யலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. எதில் பதிவு செய்வது என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்தச் செயலியில் எத்தனை இலட்சம் பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, பேச்சு தொடங்கிய சில நாட்களுக்குள் அதைக் குடும்பத்தாரின் பார்வைக்குக் கொண்டுவர அது எவ்வளவு இடம் தருகிறது என்பதையே நான் முதலில் பார்த்தேன். இப்போது என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இந்தத் துறை நேற்று முளைத்ததன்று. பிரிட்டனில் சிங்கிள்முஸ்லிம் என்ற தளம் 2000ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. லண்டனைச் சேர்ந்த மஸ்மேட்ச் செயலி 2015இல் வந்தது. டிண்டர் போன்ற டேட்டிங் செயலிகளை நடத்தும் மேட்ச் குழுமம் தொடுத்த வணிகக்குறி வழக்கில் தோற்றபின் 2022இல் மஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. இன்று சலாம்ஸ் என்று அறியப்படும் செயலிக்கு முன்பு மிண்டர் என்று பெயர். படத்தைப் பார்த்து, பிடித்தால் ஒரு பக்கமும் பிடிக்காவிட்டால் மறுபக்கமும் விரலால் தள்ளும் முறை, பொதுவான டேட்டிங் செயலிகளிலிருந்து இவற்றுக்குள்ளும் வந்துவிட்டது. பெண் பேசச் சென்ற நபித்தோழர் முகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்களிடம், பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே கூறியிருக்கிறார்கள் என்பதால் முகம் பார்ப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் முகம் மட்டுமே முதலில் தெரியும்போது, தொழுகையும் குணமும் எழுதப்பட்ட பகுதிவரை பலர் இறங்கிப் படிப்பதே இல்லை. எனவே படத்தை மங்கலாக வைத்து, நாம் அனுமதித்தவருக்கு மட்டும் காட்டும் வசதி உள்ள செயலியையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது வலி, அதாவது பெண்ணின் சார்பில் நிகாஹ் செய்து தரும் பொறுப்பாளர். ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் (இஸ்லாமியச் சட்ட வழிமுறைகளில்) வலி இல்லாமல் பெண்ணின் நிகாஹ் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் பருவமடைந்த பெண் தகுதியான ஒருவரைத் தானே மணக்க இடம் உண்டு. எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும், பேச்சைத் தனிமையில் நீள விடாமலிருப்பது பெண்ணுக்குப் பாதுகாப்பு. மஸ் போன்ற செயலிகளில் பொறுப்பாளர் ஒருவரைச் சேர்த்து, உரையாடலின் பிரதி அவருக்குப் போகும்படி செய்யலாம். என் தங்கை அதற்கும் முன்பாகவே, ஸலாம் சொல்லி அறிமுகம் முடிந்ததும், "அடுத்து என் அண்ணன் உங்களிடம் பேசலாமா?" என்று எழுதிவிடுவாள். சிலர் அதோடு பதில் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்கள். சிலர் அன்றே தம் தந்தையின் எண்ணை அனுப்பினார்கள். வாரக்கணக்கில் பேசி அறிய வேண்டியதில் பாதியை அந்த ஒரு வரி தெரிவித்துவிட்டது.

விவரப் பக்கத்தில் எத்தனை வேளை தொழுகிறார், எப்போது மணமுடிக்க விரும்புகிறார், வேறு ஊருக்குக் குடிபெயர்வாரா என்றெல்லாம் கேட்கும் செயலி நல்லது. முந்தைய திருமணம், குழந்தைகள், இப்போது மனைவி இருக்கிறாரா ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கேள்வி இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் பெண்ணின் படிப்பும் வேலையும் என்னவாகும், பெற்றோருடன் சேர்ந்து இருப்பதா என்பவற்றை எந்தச் செயலியும் நமக்காகக் கேட்டுத் தராது. அவற்றை நாமே எழுதிக் கேட்க வேண்டும்.

சரிபார்க்கப்பட்டவர் என்று காட்டும் குறியைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதி அடைவதுதான் எனக்குப் பெரிய கவலை. பெரும்பாலும் அந்தக் குறி, படத்தில் உள்ள முகமும் கணக்கை வைத்திருப்பவரின் முகமும் ஒன்று என்று மட்டுமே சொல்லும்; வேலை, கடன், கோபம், மறைத்த திருமணம் எதையும் அது அறியாது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, அவர்கள், அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கைத்தடியை இறக்காதவர் (பெண்களை அடிப்பவர் என்று பொருள்) என்றும், முஆவியா பொருளற்ற ஏழை என்றும் ஒளிவு மறைவின்றிக் கூறி, உஸாமா பின் ஸைதை மணக்கச் சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. திருமணத்துக்காக விசாரிக்கும்போது உள்ளதைச் சொல்வது புறம் பேசுவதாகாது என்பதற்கு அறிஞர்கள் காட்டும் ஆதாரங்களுள் இதுவும் ஒன்று. ஆகவே அவர் தொழும் பள்ளியின் இமாமிடமும், உடன் வேலை செய்பவர்களிடமும், பக்கத்து வீட்டிலும் நேரில் சென்று விசாரியுங்கள். விசாரிக்கப் போகிறோம் என்றதும் சங்கடப்படும் வரனை விட்டுவிடுவது நல்லது.

அந்தரங்கத் தகவல்களிலும் கவனம் தேவை. முஸ்லிம் புரோ என்ற தொழுகை நேரச் செயலியும் முஸ்லிம் மிங்கிள் என்ற துணை தேடும் செயலியும் பயனர்களின் இருப்பிடத் தரவை எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்கு அனுப்பின என்பதும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்தார்கள் என்பதும் 2020 நவம்பரில் மதர்போர்டு என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் செய்தியால் வெளிவந்தன. இருப்பிட அனுமதியையும் தொடர்பு எண்களைப் படிக்கும் அனுமதியையும் மறுத்துவிடுங்கள். மறுத்தால் இயங்காத செயலி நமக்கு வேண்டாம். கட்டணம் செலுத்தினால், சந்தா தானாகவே புதுப்பிக்கப்படுவதை அன்றே நிறுத்திவையுங்கள்.

ஒருவர் பெண் கேட்டிருக்கும்போது, அவர் விலகும்வரை அல்லது அனுமதிக்கும்வரை இன்னொருவர் கேட்கக் கூடாது என்பது நபிமொழி. தொடக்க நிலைப் பேச்சு இன்னும் பெண் கேட்பதாகாது என்றாலும், இரு குடும்பங்களும் அமர்ந்து பேசும் கட்டம் வந்ததும் மற்ற உரையாடல்களை மரியாதையாகச் சொல்லி முடித்துவிட வேண்டும். சம்மதம் உறுதியானபின் செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது. அமைப்புகள் பகுதிக்குள் சென்று கணக்கையே அழிக்க வேண்டும். இல்லையேல் பெயரும் படமும் பிறர் பார்வையில் தொடர்ந்து இருக்கக்கூடும்.