மணப்பாட்டில் ஒரு விபூதிப் புதன்

ஆம்னி பேருந்துக்கு 1,400 ரூபாய் கொடுத்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். சென்னையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயிலில் என் பெயர் காத்திருப்போர் பட்டியலை விட்டு நகரவே இல்லை என்பதால், வேறு வழியின்றி ஏறிய வண்டி அது. விழுப்புரம் தாண்டியதும் குளிர்சாதனம் நின்றுபோனது. சன்னல்களோ திறக்க முடியாதவை. போதாக்குறைக்கு மேலே இருந்த துளையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்ததால், படுக்கைக்குப் பணம் கட்டிவிட்டு, மடியில் இருந்த அட்டைப்பெட்டி நனைந்துவிடக் கூடாதே என்று அதை நெஞ்சோடு அணைத்தபடி விடியும்வரை உட்கார்ந்தே வந்தேன். அந்தப் பெட்டிக்குள் இருந்தது அம்மா கடைசியாக முடைந்த குருத்தோலைச் சிலுவை.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையை வீட்டில் சிலுவைப் படத்தின் பின்னால் செருகி வைத்திருப்போம். மறு ஆண்டு தவக்காலம் என்னும் நோன்புக் காலம் தொடங்குவதற்குமுன் அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதை எரித்த சாம்பலைத்தான் தவக்காலத்தின் முதல் நாளான விபூதிப் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். அம்மா சென்ற ஆகஸ்டு மாதம் இறந்துபோனார். அவர் கைபட்ட ஓலை எரியப்போகும் கடைசி விபூதிப் புதன் இது என்பது ஜனவரியில்தான் எனக்கு உறைத்தது. அன்றே விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

திருச்செந்தூரிலிருந்து எங்கள் ஊரான மணப்பாட்டுக்குச் சுமார் 18 கிலோமீட்டர். மகளிருக்குக் கட்டணமில்லாத பேருந்து ஏதாவது வரும் என்று ஒரு மணி நேரம் நின்றதுதான் மிச்சம். கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் 700 ரூபாய் கேட்டு, 500-க்கு இறங்கி வந்தார். அதுவும் அநியாயம்தான். குலசேகரப்பட்டினத்தைத் தாண்டும்போது, 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட கதையைச் சொல்லி, "இனிமே இது ராக்கெட் விடுற ஊரு அக்கா, ரேட்டு மேலதான் போவும்" என்றார். சிரித்துவிட்டேன், சிரித்த பிறகு பேரம் பேச முடியவில்லை.

ஊரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. 1542-ல் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை கடலைப் பார்த்தபடி இருக்கிறது. மணல்குன்றின் மேல் 1581-ல் எழுப்பப்பட்ட திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது; புயலில் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பல் தலைவன் ஒருவன், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து அந்தக் குன்றில் நட்டான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இந்தக் கதைகளையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அம்மா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பெட்டி முடைந்துகொண்டே சொல்லக் கேட்டவை; கப்பல் முறியும் இடத்தில் கை ஒரு கணம் நிற்கும், பிறகு ஓலை மறுபடி ஓடும்.

அம்மா ஓர் ஓலைக் கலைஞர். இதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆயுள் முழுதும் எந்தத் தாளிலும் அவரை அப்படி யாரும் எழுதவில்லை. "தொழிலாளி" என்றுதான் எழுதினார்கள். மணப்பாட்டுப் பெண்கள் பலருக்கும் பனை ஓலைதான் கைத்தொழில். ஆண்கள் கடலுக்குப் போன பகல்பொழுதில் குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை உரித்து, கத்தி முனையால் ஒரே அகலத்துக்கு வகிர்ந்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்து, பெட்டியும் தட்டும் கிலுக்கும் முடைவார்கள். சாயம் போட்ட வாரங்களில் அம்மாவின் விரல்கள் நகக்கண்வரை ரோஜா நிறத்தில் இருக்கும். அந்த விரல்களாலேயே மாலையில் செபமாலை உருட்டியதால், வெள்ளை மணிகள் வருடக்கணக்கில் மெல்லச் சிவந்துபோயின. அவர் 60 ரூபாய்க்குக் கொடுத்த மூடிபோட்ட பெட்டியைச் சென்னையில் ஒரு கடையில் 450 ரூபாய்க்கு வைத்திருந்ததை நானே பார்த்தேன். வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குக் கோபமே வரவில்லை, "மூடி சரியா உக்காந்திருந்துச்சா?" என்றுதான் கேட்டார்.

அவருக்கு இடதுகைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் விரலில் அடித்து அடித்து வலக்கையால் எழுதவைத்துவிட்டார்கள், ஆனால் ஓலையை மாற்ற அவர்களால் முடியவில்லை. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய இரவில், ஈரத்துணி சுற்றிய ஓலைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, உறவுக்காரர்களுக்கும் வர முடியாத நோயாளிகளுக்குமாக நூற்றுக்கும் மேற்பட்ட சிலுவைகளை முடைவார். பெருவிரல் அகலத்தில் இரண்டு கீற்று. ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்கே வைத்து, நடுவில் நான்கு மடிப்பில் ஒரு சதுரக் கட்டு. அந்தக் கட்டு மற்றவர்கள் கையில் வலப்பக்கமாகச் சுற்றும், அம்மா கையில் இடப்பக்கமாகச் சுற்றும். சிறுவயதில் இதை நான் ஒரு குறையாக நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை கோயிலுக்குப் பின்புறம் போனபோது, கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை ஓர் இரும்புச் சட்டியின் முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் இரண்டு சாக்கு நிறைய, பழுப்பேறிச் சுருண்ட ஓலைகள். என்னைப் பார்த்ததும் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்துக் காட்டினார். "எல்லார் கட்டும் வலம் சுத்தும், உங்க அம்மை கட்டு இடம் சுத்தும். தனியாத் தெரியும்மா." பிறகு நானும் உட்கார்ந்து தேடினேன். இருட்டுவதற்குள் 23 சிலுவைகள் கிடைத்தன. அவற்றைத் தனியாக எரிக்கலாமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கோயில்பிள்ளை எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிச் சட்டியில் போட்டுவிட்டு, என் மடியில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். "இதையும் போடட்டுமா?" ஊருக்கு வரும்வரை கொடுத்துவிடுவதாகத்தான் நினைத்திருந்தேன். பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, கடைசியில் கொடுத்தேன். காய்ந்த ஓலை எரிவதற்கு நேரமே எடுப்பதில்லை. சட்டியிலிருந்த ஒரு சிலுவையில் மேல்கீற்று எரிந்து விழுந்த பிறகும் நடுக்கட்டு மட்டும் சிவந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. ஆறிய சாம்பலை மெல்லிய துணியில் சலித்தபோது, இரண்டு சாக்கு ஓலைக்கு ஒரு கிண்ணம்தான் தேறியது.

மறுநாள் காலைப் பூசையில் சாமி, அதாவது பாதிரியார், என் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து, மண்ணிலிருந்து வந்தவள் மண்ணுக்கே திரும்புவாய் என்ற பொருளில் சொல்வதைச் சொல்லிவிட்டு, அடுத்தவரிடம் நகர்ந்தார். சாம்பல் கொஞ்சம் மூக்கின்மேல் உதிர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற சிறுவனின் நெற்றியிலும், பின்னால் இருந்த மீன் வியாபாரி மாமியின் நெற்றியிலும் அதே சாம்பல்தான். அம்மாவைத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அன்று ஒருசந்தி, அதாவது ஒரே வேளைச் சாப்பாடு. சுத்தபோசனமும் உண்டு, இறைச்சி கூடாது. ஆனால் மீன் கூடும் என்பதால் கடற்கரை ஊரில் சுத்தபோசனம் என்பது ஒரு பெரிய தியாகமில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு வேளைக்குச் சித்தி தேங்காயும் சீரகமும் அரைத்து, மாங்காய் போட்டு, மண்சட்டியில் சாளைக் குழம்பு வைத்திருந்தார், கூடவே முருங்கைக்கீரை. இந்தப் பயணத்தில் காசு கொடுத்துச் சாப்பிட்டவை எதுவும் அதன் பக்கத்தில் வர முடியாது. மூன்றாம் முறை சோறு கேட்டபோது, "ஒருசந்தின்னா ஒரு வேளை, ஒரு அண்டா இல்ல மக்கா" என்றார் சித்தி. அம்மா இதே வார்த்தையைத்தான் சொல்லுவார், இதே சிரிப்போடு.

செலவுக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். போகவர 2,800, ஆட்டோ 500, திரும்பும்போது சித்தப்பாவின் பைக் இலவசம். உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ வாங்கினேன். சீனி கலந்ததை விற்கும் கடைகள் பெருகிவிட்டதால், ஊர்க்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள். தங்கும் செலவு இல்லை. வருவோர் மாலையில் குன்றின் மேல் இருக்கும்படி திட்டமிடுங்கள். மதிய வெயிலில் மணல் சுடும்.

புறப்படும்போது சித்தி இரண்டு பச்சைக் குருத்தோலைக் கீற்றை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தார். திரும்பும் பேருந்தில் குளிர்சாதனம் ஒழுங்காக வேலை செய்தது, ஆனால் தூக்கம் வரவில்லை. கோவில்பட்டி தாண்டியதும் கைப்பேசி வெளிச்சத்தில் ஓலையை எடுத்து, நான்கு மடிப்பையும் இடப்பக்கமாகச் சுற்ற முயன்றேன். இரண்டு முறை கை தானாக வலப்பக்கம் திரும்பிவிட்டது. அவிழ்த்து மூன்றாம் முறை மடித்தபோது மடிப்பில் கீற்று வெடித்தது. பயணச்சீட்டைச் சரிபார்க்க வந்த உதவியாளர் என் முகத்தைப் பார்த்து, "அக்கா, நெத்தியில கரி" என்றார். தெரியும் என்றேன். ஓலை இன்னும் ஒன்று மீதம் இருந்தது.