குழந்தையின் முறை வரும்வரை

என் மகளுக்குப் பத்து வாரம் ஆகியிருந்தபோது, அவளிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன். துணி மாற்றும்போது துணியைப் பற்றியும், விளக்கைப் போடும்போது விளக்கைப் பற்றியும், சும்மா இருக்கும்போது சும்மா இருப்பதைப் பற்றியும் வானொலி வர்ணனையாளரைப் போலப் பேசித் தள்ளினேன். ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டு குரல் எழும்பவில்லை. வேறு வழியின்றி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழெட்டு வினாடிகள் சென்றிருக்கும். அவள் காலை உதைத்து, உதட்டைக் குவித்து, "ஊ" என்றாள். கரகரத்த குரலில் "ஊவா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். சிறிது நேரத்தில் மறுபடியும் "ஊ" வந்தது. இத்தனை நாளும் அவள் பேச வாயெடுத்தபோதெல்லாம் நான்தான் குறுக்கே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

என் ஓயாப் பேச்சுக்கு ஒரு புகழ்பெற்ற ஆய்வு காரணமாக இருந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 42 குடும்பங்களைப் பின்தொடர்ந்து பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி ஆகிய இருவரும் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட அந்த ஆய்வு, வசதியான வீட்டுக் குழந்தையும் வறிய வீட்டுக் குழந்தையும் நான்கு வயதுக்குள் கேட்கும் சொற்களுக்கிடையே மூன்று கோடி வேறுபாடு இருப்பதாக மதிப்பிட்டது. ஒரு சில வீடுகளில் எடுத்த பதிவுகளிலிருந்து நீட்டிக் கணக்கிட்ட எண் அது என்பதால் பிற்கால ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. எனக்கு அதில் உள்ள மனக்குறை வேறு: குழந்தையைச் சொற்களை ஊற்றி நிரப்பும் குடமாக அது என்னை நினைக்க வைத்துவிட்டது. நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்து ரேச்சல் ரோமியோவும் உடன் பணியாற்றியவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வோ, பிள்ளை கேட்ட சொற்களின் எண்ணிக்கையைவிட, பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிக்கொண்ட தடவைகளே மூளையின் மொழிப்பகுதி இயங்கும் விதத்தோடு நெருங்கிய தொடர்புடையவை என்று காட்டியது.

அந்தக் குடம் ஒருபோதும் வெறுமையாக இருந்ததும் இல்லை. கருவில் இருக்கும்போதே கடைசி மாதங்களில் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், தாயின் குரலைக் கேட்பதற்காகவே வாயில் வைத்த ரப்பர் காம்பைச் சப்பும் விதத்தை மாற்றிக்கொண்டதை 1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் பதிவு செய்தார்கள். இதைவிட என்னை வியக்க வைத்தது சொற்களைப் பிரித்தெடுக்கும் திறன். எழுத்தில் நாம் சொற்களுக்கிடையே இடம் விடுகிறோம். பேச்சில் அப்படி எதுவும் இல்லை, எல்லாம் ஒரே ஓட்டமாக வந்து விழுகிறது. "அம்மாவந்தாச்சு", "அம்மாஎங்கே", "அம்மாபாரு" என்று கேட்கும் குழந்தைக்கு, "அம்" என்ற ஒலியை அடுத்துப் பெரும்பாலும் "மா" வருகிறது என்பதும், "மா"வுக்குப் பின்னர் எது வேண்டுமானாலும் வரலாம் என்பதும் மெல்லப் பிடிபடுகின்றன. அந்தத் தளர்ந்த இடத்தில்தான் சொல் முடிகிறது. பொருளே இல்லாத செயற்கை அசைகளின் தொடரை இரண்டே நிமிடம் கேட்டு எட்டு மாதக் குழந்தைகள் இந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள் என்று ஜென்னி சாஃப்ரனும் குழுவினரும் 1996இல் காட்டினார்கள்.

ஒலிகளின் கதை இன்னும் சுவையானது. "பத்து", "பட்டு" என்ற இரு சொற்களையும் நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த ஒருவருக்கு அந்தத் தகரத்தையும் டகரத்தையும் பிரித்தறிவதே பெரும்பாடு. இந்தி மொழியில் உள்ள இதே வேறுபாட்டை வைத்து ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் நடத்திய ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் அதை எளிதாகப் பிரித்தறிந்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் வெகுவாக மங்கிவிட்டது. வீட்டில் புழங்கும் மொழிக்கு எந்த வேறுபாடுகள் தேவையோ அவற்றைக் கூர்மையாக்கிக்கொண்டு மற்றவற்றைக் குழந்தை கைவிடுகிறது. இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லையே என்று நாம் கவலைப்படும் அந்த முதல் ஆண்டுக்குள் இவ்வளவு வேலை நடந்து முடிந்துவிடுகிறது.

இந்த வேலையில் நமக்கு உள்ள பங்கு, பதில் சொல்லும் பங்கு. எட்டு மாதக் குழந்தைகளை வைத்து மைக்கேல் கோல்ட்ஸ்டீன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவுத் தாய்மார்கள் குழந்தை ஒலி எழுப்பிய உடனே புன்னகைத்து, அருகில் வந்து, தொட்டார்கள். இன்னொரு பிரிவினரும் அதே அளவுக்குப் புன்னகைத்தார்கள், தொட்டார்கள். ஆனால் குழந்தையின் ஒலியோடு பொருந்தாத நேரங்களில். உடனுக்குடன் பதில் கிடைத்த குழந்தைகளின் மழலை மட்டுமே அந்தச் சிறு பொழுதுக்குள் "பா", "தா" போன்ற தெளிவான அசைகளை நோக்கி முன்னேறியது. அன்பு இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தும் நேரம் தவறியதால் பயன் குறைந்தது என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. அதே ஆண்டில் பட்ரிசியா குல் வெளியிட்ட ஆய்வில், சீன மொழியைப் பேசுபவர் நேரில் வந்து விளையாடியபோது அம்மொழியின் ஒலிகளைக் கற்றுக்கொண்ட அமெரிக்கக் குழந்தைகள், அதே பேச்சைத் திரையில் பார்த்தபோது எதையும் கற்கவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. நம் கையிலிருக்கும் கைப்பேசியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் அதைப் பார்த்துக்கொண்டே குழந்தையின் ஒலிக்கு உரிய நேரத்தில் பதில் சொல்ல எவராலும் முடிவதில்லை.

காத்திருப்பது என்று சொல்வது எளிது. பத்து வினாடி மௌனம் பெரியவர்களுக்குப் பெரும் சங்கடம். நான் மனத்துக்குள் எண்ணப் பழகினேன். ஒன்பது, பத்து மாத அளவில் அவள் விரல் நீட்டிக் காட்டத் தொடங்கியபோது வேலை எளிதாயிற்று. அதுவரை நான் விரும்பிய பொருளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவள் பார்க்கும் பொருளுக்குப் பெயர் சொன்னால் போதும். ஜன்னலைக் காட்டினால் ஜன்னலைப் பற்றிப் பேசினேன், கையில் நான் வைத்திருந்த அழகான படப்புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு. ஒன்றரை வயதுக்கு மேல் அவள் "குலுவி போச்சு" என்றபோது, "குலுவி இல்லை, குருவி என்று சொல்" எனத் திருத்தாமல், "ஆமாம், குருவி பறந்து போய்விட்டது" என்றேன். சரியான ஒலியும் சற்றே நீண்ட வாக்கியமும் அவள் காதில் விழுந்தன, உரையாடலும் அறுபடவில்லை. குரலை உயர்த்தி, உயிரொலிகளை இழுத்து, மெதுவாகப் பேசும் கொஞ்சல் நடையைச் சிலர் கேலி செய்வார்கள். உண்மையில் அது ஒலிகளைத் தெளிவாக்கிக் குழந்தையின் கவனத்தை ஈர்க்கிறது. வீட்டில் இரண்டு மொழிகள் புழங்கினால் குழந்தை குழம்பிவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை.

"சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும்" என்ற ஆறுதல் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். எனினும் அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. பன்னிரண்டு மாதத்தில் மழலையோ சைகையோ இல்லையென்றாலும், பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லையென்றாலும், இரண்டு வயதில் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசவில்லையென்றாலும், பேசிக்கொண்டிருந்த குழந்தை எந்த வயதிலாவது பேச்சை இழந்தாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே "ஊ", "ஆ" என்று ஒலி எழுப்புவதால், பெற்றோருக்கு ஐயமே எழாமல் போய்விடுகிறது.

சைகை மொழி புழங்கும் வீடுகளில் வளரும் காது கேளாத குழந்தைகள், மற்றவர்கள் வாயால் மழலை பேசும் அதே பருவத்தில், கைகளால் மழலை பேசுகிறார்கள் என்று லாரா ஆன் பெட்டிட்டோ 1991இல் எழுதினார். பொருளற்ற சிறு சிறு அசைவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன, நம் வீட்டுக் குழந்தையின் "பாபாபா"வைப் போலவே. அதற்குப் பதில் சொல்ல விரும்பும் தாயும் முதலில் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்திருக்கத்தான் வேண்டும்.