மூன்றாவது வாரமும், நன்றாகிவிட்ட மாதமும்

மனநல சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால் பதில் அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். "ரெண்டு மூணு வாரம் பார்த்தேன், ஒண்ணும் தெரியல." அல்லது, "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு?" இரண்டுமே சோம்பல் இல்லை. மூன்றாவது வாரத்தில் நிஜமாகவே ஒன்றும் தெரியாமல் போகலாம். சரியான பிறகு மாத்திரை அநாவசியமாகத்தான் தோன்றும். மன உறுதி வேண்டும் என்று அறிவுரை சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மன உறுதி வற்றிப்போவதே மனச்சோர்வு நோயின் அறிகுறிகளில் ஒன்று. இல்லாததைக் கொண்டுவரச் சொன்னால் எங்கே போவது? வேண்டியது, எந்த வாரம் என்ன நடக்கும் என்ற முன்தகவல். அதைச் சொல்லக்கூடிய ஆளிடம் போய்ச் சேர்வதுதான் முதல் வேலை.

யார் யார் என்பதிலேயே குழப்பம் நிறைய. மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், மருத்துவம் படித்துவிட்டு மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதுவார். மனச்சோர்வு போலவே வேஷம் போடும் தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைவு இவை இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்வதும் அவர் வேலைதான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நோயை மதிப்பிட்டு, பேச்சாலும் பயிற்சிகளாலும் சிகிச்சை தருபவர். பெரும்பாலான நாடுகளில் அவருக்கு மருந்து எழுதும் உரிமை கிடையாது. சிக்கல் வருவது 'கவுன்சிலர்', 'தெரபிஸ்ட்', 'கோச்' என்ற பலகைகளில். பல நாடுகளில் இந்தப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. முதுகலைப் பட்டமும், மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த அனுபவமும் உள்ளவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே பலகையை நம்ப வேண்டாம். பட்டம் எது, உரிமம் தரும் அமைப்பு எது, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அந்த எண்ணை அமைப்பின் பதிவேட்டில் நீங்களே தேடி, பெயர் பொருந்துகிறதா, பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தகுதியானவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

முதலில் மருத்துவரா, தெரபிஸ்டா? லேசான, நடுத்தர அளவு மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சு சிகிச்சையில் தொடங்கலாம். காதில் குரல் கேட்கிறது, சாப்பாடும் தூக்கமும் அறவே நின்றுவிட்டன, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்து போகிறது என்றால் மனநல மருத்துவர்தான் முதலில். அந்த எண்ணம் எப்படி, எப்போது என்ற திட்டம் வரை போயிருந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

இன்னொன்றை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். எப்போதாவது தொடர்ந்து நாலு நாளோ அதற்கு மேலோ, மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்று களைப்பில்லாமல் ஓடி, வாய் ஓயாமல் பேசி, கைமீறிச் செலவழித்த காலம் இருந்ததா? இருந்தால் இது வெறும் மனச்சோர்வாக இல்லாமல், மனம் எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலாராக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் மனநிலை எதிர்த் திசையில் எகிறிவிடக்கூடும். சோர்ந்துபோய் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உற்சாகக் காலம் நோயாகவே தோன்றாது, நல்ல காலமாகத்தான் தோன்றும். அதனால்தான் சொல்லாமல் விட்டுப்போகிறது.

அடுத்தது பிரச்சினைக்கு ஏற்ற முறை. மாதக்கணக்கில் நேரம் வீணாவது இங்கேதான். எல்லாவற்றுக்கும் பார்ப்பேன் என்பவரைவிட, இதற்கு இந்த முறையில் பார்ப்பேன் என்பவர் மேல். வேண்டாத எண்ணம் துரத்த, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓ.சி.டி.யை எடுத்துக்கொள்வோம். கதவைப் பூட்டிவிட்டுப் பத்து முறை இழுத்துப் பார்க்கிற ஒருவர் வருகிறார். பயிற்சி இல்லாதவர் கனிவாகச் சொல்வார்: "பூட்டியிருப்பீங்க, கவலைப்படாதீங்க." அன்று மாலை நிம்மதி. மறுநாள் அதே நிம்மதியைத் தேடி மறுபடி அதே கேள்வி. ஆறுதலே பதினோராவது இழுப்பாகிவிடுகிறது. பயிற்சி உள்ளவர் வேறு மாதிரி போவார். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்லி ஒரு படிக்கட்டு எழுதுவார். பீரோவை ஒரே முறை பூட்டிவிட்டு நகர்வது 30. வாசல் கதவைப் பூட்டித் தெருமுனை வரை போய்வருவது 60. பூட்டிவிட்டு இரண்டு நாள் வெளியூர் போவது 95. கீழ்ப்படியில் தொடங்கி, திரும்பிப் பார்க்காமல், போனில் பூட்டைப் படம் எடுத்து வைக்காமல், வீட்டில் யாரிடமும் கேட்காமல், வருகிற பதற்றத்தோடு அப்படியே இருக்கப் பழக்குவார். எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன் என்பது இதுதான். பெயரைச் சொல்லியே கேளுங்கள். "தெரியும்" என்று மட்டும் பதில் வந்தால், ஒரு செஷன் எப்படி நடக்கும் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

இதேபோல விபத்து, வன்முறை இவற்றின் அதிர்ச்சிக்கு அதற்கென்றே உள்ள சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) வகையோ, இ.எம்.டி.ஆரோ (அந்த நினைவை மனதில் வைத்தபடி கண்களை இடவலமாக அசைக்கும் முறை), நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதற்கென்றே உள்ள 'சி.பி.டி. ஐ' என்ற வகை, திடீரென்று வரும் கடும் பயமான பேனிக் அட்டாக்குக்கு, வேகவேகமாக மூச்சு விட்டும் நாற்காலியில் சுழன்றும் அதே படபடப்பையும் தலைசுற்றலையும் வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்கும் பயிற்சி.

முதல் போன் காலுக்கு ஐந்து நிமிடம் போதும். இந்தப் பிரச்சினை உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, எந்த முறை, எத்தனை செஷன் ஆகலாம், முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள், நடுவில் நெருக்கடி வந்தால் யாரைக் கூப்பிடுவது, ரத்து செய்தால் கட்டணம் உண்டா. சி.பி.டி. என்றால் வாரம் ஒரு முறை, 45 முதல் 50 நிமிடம், 12 முதல் 20 செஷன் என்பது வழக்கமான கணக்கு. ரகசியம் காப்பதைப் பற்றியும் முதல் செஷனிலேயே அவராகப் பேச வேண்டும். எல்லாமே ரகசியம் என்று யாராலும் உறுதி தர முடியாது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு ஆகியவை பொதுவான விதிவிலக்குகள். குணமாவதற்கு உத்தரவாதம் தருபவர், மருத்துவராக இல்லாமலே மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், உங்களோடு தொழிலோ நட்போ வேறு உறவோ வைத்துக்கொள்ள முயல்பவர் என்றால் எழுந்து வந்துவிடலாம், யோசிக்க ஒன்றுமில்லை.

ஆளைப் பிடித்தபின் நாலு செஷன் கொடுங்கள். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-ல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: குறிக்கோளில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, பரஸ்பரப் பிணைப்பு. நாலாவது செஷன் முடிந்து வெளியே வரும்போது இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். எதற்காக வருகிறோம் என்பது இருவருக்கும் ஒன்றுதானா? கொடுக்கிற பயிற்சி எதற்கென்று புரிகிறதா? வெட்கப்படுகிற ஒன்றை இவரிடம் சொல்ல முடிகிறதா? கஷ்டமான விஷயத்தைத் தொட்டதால் வருகிற சங்கடம் வேறு, நாம் சொல்வது அவர் காதில் ஏறவில்லை என்ற சங்கடம் வேறு. இரண்டாவதானால் முதலில் அவரிடமே சொல்லிப் பாருங்கள். நல்லவர் முறையை மாற்றுவார். சொல்லியும் மாறாவிட்டால் ஆளை மாற்றலாம்.

இப்போது அந்த மூன்றாவது வாரம். மனச்சோர்வுக்கு அதிகம் எழுதப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளில் குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம், ஒருவிதப் பரபரப்பு எல்லாம் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். பலனோ தொடங்கவே 2 முதல் 4 வாரம், முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம். கஷ்டம் முன்னால் வந்துவிடுகிறது, பலன் பின்னால் வருகிறது. நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் மாத்திரைப் பட்டை மேஜை இழுப்பறைக்குள் போகிறது. முதலில் தேறுவது பெரும்பாலும் தூக்கமும் பசியும்தான், மனநிலை அதற்குப் பின்னால்தான் வரும். அதனால் "முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு" என்று வீட்டிலிருப்பவர் முதலில் சொல்வதும் உண்டு. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-ல் சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் கொண்டுவந்து, 2007-ல் 24 வயது வரை நீட்டியது. அதனால் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு முறை டாக்டரைத் திரும்பப் பார்க்கும் தேதியை அன்றே வாங்கிக்கொண்டு வாருங்கள்.

'ஒண்ணும் தெரியல' என்பதை மனசை நம்பி முடிவு செய்ய வேண்டாம். சோர்ந்த மனம் போன மாதமும் இப்படித்தான் இருந்தது என்றே சாட்சி சொல்லும். மனச்சோர்வை அளக்க பி.எச்.கியூ-9 என்று 9 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். 10-ஐ எட்டினால் குறைந்தது நடுத்தர மனச்சோர்வு, 5-க்குக் கீழே வந்தால் ஏறக்குறைய தேறிய நிலை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே கிழமையில் நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். 18-லிருந்து 13-க்கு வந்தவருக்கு உள்ளுக்குள் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும், ஆனால் 5 புள்ளி இறக்கம் மருத்துவ ரீதியில் கணக்கில் எடுக்கத்தக்கது. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைந்திருந்தாலும் அதில் 1 விழுந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

செஷனைத் தவறவிடுவதற்குக் காரணம் நேரமின்மை என்பார்கள். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்ற வெட்கம்தான் பாதி நேரம். எண்ணப் பதிவேடு எழுதச் சொல்லி தெரபிஸ்ட் அனுப்பியிருப்பார்: என்ன நடந்தது, என்ன தோன்றியது, எவ்வளவு நம்பினேன், எதிர்ச் சாட்சி என்ன. ஒரு வரியும் எழுதாமல் செஷன் நாளான செவ்வாய் வந்துவிடும். திங்கள் இரவே ரத்து மெசேஜ் போய்விடும். வெறும் நோட்டோடு போங்கள். எழுத உட்கார்ந்தபோது என்ன தடுத்தது என்பதுதான் அன்றைய செஷனுக்கான விஷயம்.

மாத்திரையை மறந்தால் அன்றே நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம், இரட்டிப்பாகப் போடக் கூடாது என்பது பொது விதி. சில மருந்துகளுக்கு இது போதாது. தீவிர மனச்சிதைவுக்குத் தரும் க்ளோஸபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடரவே கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். வலிப்புக்கும் பைபோலாருக்கும் தரும் லமோட்ரிஜினும் பல நாள் விட்டுப்போனால் அப்படியே; பழைய அளவில் திடீரென்று தொடங்கினால் ஆபத்தான தோல் எதிர்வினை வரலாம். பைபோலாருக்குத் தரும் லித்தியத்துக்கு ரத்தப் பரிசோதனை, கடைசி வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. வாந்திபேதியால் உடலில் நீர் வற்றினாலும், வலிக்கு இபுப்ரோஃபென் போட்டாலும் லித்தியம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடக்கூடும்.

பிறகு வருவது நல்ல மாதம். முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், முழுதாகத் தேறிய நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் அதே அளவில் மாத்திரை தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு 2 ஆண்டோ அதற்கு மேலோ. நிறுத்துவதும் சிகிச்சையின் ஒரு கட்டம்தான், பல வாரமாக, சிலருக்குப் பல மாதமாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சொடுக்கியது போன்ற உணர்வு. பராக்ஸெடினிலும் வென்லாஃபாக்ஸினிலும் இது கடுமை. உடலில் மெதுவாக வெளியேறும் ஃப்ளூஆக்ஸெடினில் குறைவு. நிறுத்திய சில நாட்களுக்குள் உடல் அறிகுறிகளோடு வந்தால் அது பெரும்பாலும் மாத்திரை விட்டதன் விளைவு. சில வாரமோ மாதமோ கழித்துப் பழைய சோர்வு மெல்ல ஊர்ந்து வந்தால் நோய் திரும்புகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அல்பிரஸோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் கதையே வேறு. அவை பழக்கமாகிவிடும், நீண்ட நாள் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

நன்றாக இருக்கும்போது செய்து வைக்க இரண்டு தாள் வேலை இருக்கிறது. ஒன்று, இதுவரை போட்ட மருந்துகள், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், ஏன் நிறுத்தியது. ஊர் மாறினாலோ டாக்டர் மாறினாலோ இது இல்லாவிட்டால் பழைய சோதனையை முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்கும். 'அந்த மாத்திரை கேட்கலை' என்று எழுதும்போது போதிய அளவில் ஆறு வாரமாவது போட்டோமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அது கேட்காத மாத்திரை என்று சொல்ல முடியாது. மற்றொன்று, உங்களுக்கு நோய் எப்படி ஆரம்பிக்கும் என்ற மூன்று வரி. விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வருவது, போனை எடுக்காமல் விடுவது, குளிப்பதைத் தள்ளிப்போடுவது என்று அவரவருக்கு ஒரு வரிசை உண்டு. அதன் கீழே டாக்டரின் எண். இரண்டாவது தாளின் நகல் கூட இருப்பவர் ஒருவரிடம் இருக்கட்டும். முதல் வரி நடக்கும்போது பெரும்பாலும் அவர்தான் பார்ப்பார்.